எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார்

இன்று சனிக்கிழமை. குடும்ப ஜெபத்தில் கதை சொல்லும் முறை இந்த மாதம் என்னுடையது. அப்பாவுக்குப் போனில் பேசினால் பாதி கேட்பதில்லை என்பதால், பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பேசப் பேச போனே இதை எழுதிக்கொள்கிறது. அண்ணி, நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அண்ணனிடம் கொடுத்தால் நாலாவது வரியில் குறட்டைதான் வரும்.

அண்ணி நம் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதனால் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முறைக்காரர் வேதாகமத்திலிருந்து ஒரு கதையைப் புத்தகம் பார்க்காமல் தன் வாயால் சொல்ல வேண்டும். முடிந்ததும், இன்றைக்கு இந்தக் கதையில் நான் யார் என்று சொல்ல வேண்டும். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும். அப்பா மட்டும் எந்தக் கதையானாலும், சுமந்து அலுத்து ஒருநாள் வாய் திறந்து பேசிய பிலேயாமின் கழுதைதான். முப்பது வருஷம் வேன் ஓட்டி அலுத்தவர், அவர் பேச்சை யாரும் கேட்பதில்லையாம். “அந்தக் கழுதை ஒரே ஒரு தடவைதான் வாயத் திறந்துச்சு, நீங்க எங்க ஓயறீங்க” என்று அம்மா சொல்லாத வாரம் கிடையாது. அண்ணன், பவுலின் பிரசங்கத்தில் தூங்கி ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகு. இதில் சட்டம் ஒன்றே ஒன்று: பொய் சொல்லக் கூடாது.

போன சனிக்கிழமை நான் பொய் சொன்னேன்.

எலியாவின் கதையைச் சொன்னேன் அல்லவா? உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று ராணி யேசபேல் ஆள் அனுப்ப, அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, இனிமேல் முடியாது, என்னை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்டுவிட்டுத் தூங்கிப் போனார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. கதையை முடித்து, நான் அந்தத் தூதன் என்றேன். வேலையிடத்தில் எல்லோருக்கும் ஒத்தாசையாக இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்றேன். அம்மா ஸ்தோத்திரம் போட்டாள். அண்ணி, நீங்கள் மட்டும் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினீர்கள். “தப்பா நினைக்காதீங்க, வாசிக்கும்போது நீங்க அந்தச் செடிக்குக் கீழ இருக்கற மாதிரிதான் எனக்குத் தோணுச்சு.”

அதற்கு நான் பதில் போடவில்லை. இதுதான் பதில்.

எங்கள் சலவைக்கூடத்துக்கு மருத்துவமனைத் துணிகள் வரும். கூடத்தின் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். துவைக்கும் இயந்திரங்கள் அந்தச் சுவரிலேயே பதிந்திருக்கும், இரண்டு பக்கமும் கதவு. நாங்கள் இங்கே போடுவதை அவர்கள் அங்கே எடுப்பார்கள். அழுக்குப் பக்கத்தில் நானும் கண்ணாடியக்காவும். ஒவ்வொரு மூட்டையையும் மேசையில் கொட்டி, பாக்கெட்டுகளைத் துழாவி, பேனா, கத்தரி, சாவி எது இருந்தாலும் எடுத்துவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும். முடித்த மூட்டையின் அட்டையை அவரவர் கொக்கியில் மாட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது அட்டை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடி, பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். முப்பத்தைந்தைத் தாண்டுவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். எனக்கு நாற்பத்தைந்து வரும். அதனால் என் அட்டைகளில் நாலைந்தை அவர் கொக்கியில் மாட்டிவிடுவேன். அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் வியாழக்கிழமை, வேலை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, விரிப்புகள் என்று அட்டை போட்ட மூட்டை ஒன்று வந்தது. படுக்கை விரிப்புக்கு ஏது பாக்கெட்? கொட்டிப் பார்க்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன். அன்றைக்கு என் நாற்பது முடிந்திருந்தது. அட்டையைப் பழக்கதோஷத்தில் அக்காவின் கொக்கியில் மாட்டினேன். விரிப்புகளுக்கு நடுவில் டாக்டர் கோட்டு ஒன்று சுருண்டு கிடந்திருக்கிறது. அதன் பாக்கெட்டில் ஒரு பேனா. அந்தப் பக்கக் கதவைத் திறந்தபோது அத்தனை விரிப்பிலும் நீலத் திட்டு.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து அட்டையைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், அக்காவின் கண்ணாடியைப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று அம்மா கேட்பாள். இந்த நாட்டில் என் வேலை அனுமதி இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமென்றால் அதே சூப்பர்வைசர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் வாயைத் திறந்தால் அது போய்விடும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். திறக்காவிட்டால் அக்கா போக வேண்டும். மரண இருளின் பள்ளத்தாக்கு என்று சபையில் பாடும்போதெல்லாம் பெரிய மலைகளுக்கு நடுவில் இருட்டாக ஒரு இடத்தை நினைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒரு கொக்கியில் தொங்குகிற அட்டையாக வந்தது. அதைத் தாண்டித் தாண்டி வேலை செய்தேன். சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை இடைவேளையில், சொல்லிவிடலாம் என்று சூப்பர்வைசரின் அறைவாசல் வரை போனேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கியதும் உள்ளே அவர் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. திரும்பி வந்து சாப்பாட்டு அறை மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு விரல் குத்தியது.

“பாப்பா, எழுந்திரு. சாப்பிடு.”

அக்கா தன் ரொட்டியில் பாதியையும் தண்ணீர் பாட்டிலையும் என் தலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பசிக்கவில்லை என்றேன்.

“பசிய யாரு கேட்டா? சாயங்காலம் வரைக்கும் நிக்கப்போறது உன் கால்தானே, அது கேக்கும்.”

தின்றேன். தண்ணீரும் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். என்ன ஆச்சு, ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். ஜன்னல் வெயில் என் முகத்தில் அடிக்காதபடி தன் கைப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.

அப்போதுதான் போன வாரம் நான் விழுங்கிவிட்ட இடம் ஞாபகம் வந்தது. எலியா சாப்பிட்டதும் எழுந்து நடந்துவிடவில்லை. சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒரு தீர்க்கதரிசிக்கு அது நன்றாக இல்லையே என்று நான்தான் அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டியிருந்தேன். வேதாகமம் தாண்டவில்லை. சாப்பிட்டுவிட்டுமா படுக்கை என்று தூதன் அதட்டவும் இல்லை. இரண்டாம் முறையும் வந்து தொட்டான், சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்றான்.

வியாழக்கிழமை இடைவேளையில் அக்கா மறுபடியும் பாதி ரொட்டியை நீட்டினார். தின்றேன். இந்த முறை தலையைக் கவிழ்க்காமல் எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொட்டிப் பார்க்காததைச் சொன்னேன். அட்டை எப்படி அங்கே போனது என்பதையும், எத்தனை நாளாக அது நடக்கிறது என்பதையும் சொன்னேன். சூப்பர்வைசர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, இது தெரியுமா என்று கேட்டார்.

“அன்னிக்கே தெரியும் சார். விரிப்பு மூட்டை கனம்னு இவ என்னைத் தொடவே விடமாட்டா. என் கொக்கியில விரிப்பு அட்டை எப்படி வரும்?”

“அப்ப ஏன் வாயத் திறக்கல?”

“திறந்தா மிச்ச அட்டையெல்லாம் ஏதுன்னு கேப்பீங்களே.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெரிந்துகொண்டேதான் இரண்டு நாளும் ரொட்டி கொடுத்திருக்கிறார்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. நேராக அழுக்குப் பக்கத்துக்கு வந்து, ஒரு திருப்புளியால் இரண்டு கொக்கிகளில் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இனி இருவருக்கும் ஒரே கொக்கி, ஒரு நாளைக்கு எண்பது வர வேண்டும், விரிப்பானாலும் கொட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா நிற்க வேண்டியதில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. என் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். “மாசக் கடைசியில பாக்கலாம்” என்றார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நேற்று எண்பத்திரண்டு. நடுவில் இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். தூதன் நீங்கள்தான் என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தூதனுக்கெல்லாம் ஓய்வு வயசு எத்தனையாம்?” என்று கேட்டார்.

அம்மா, அழ வேண்டாம். கடிதம் வருமா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் வீட்டுக்கு வருவேன், அவ்வளவுதான். அந்த அடை எலியாவை வனாந்தரத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. நாற்பது நாள் நடக்க வைத்தது. எனக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. நேற்றிலிருந்து சோறு இறங்குகிறது.

இன்றைக்கு நான் எலியா. அண்ணி, நீங்கள் சொன்னது சரி. அடுத்து நீங்கள் யார் என்று சொல்லுங்கள், பிறகு அம்மா, அண்ணனை எழுப்பி அவனும். அப்பா, இந்தக் கதையில் கழுதையே கிடையாது, வேறு ஏதாவது யோசித்து வையுங்கள். பேருந்து வந்துவிட்டது. இன்றைக்கு ரொட்டி என் முறை, இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்துப் போகிறேன்.