இரும்புக் கதவும் ஒரு ஃபோம் துண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வீட்டுச் சண்டையிலிருந்து கிடைத்தது. மெத்தைத் தொழிற்சாலையில் உறைக் கிடங்கு என் அக்காவின் பொறுப்பு. அத்தான் அங்கேயே சேஃப்டி ஆபீசர். சண்டை, கிடங்கின் இரும்புக் கதவைப் பற்றியது. தீ பரவாமலிருக்கத் தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு அது. காற்று வேண்டுமென்று அக்கா அதன் அடியில் ஒரு ஃபோம் துண்டைச் செருகித் திறந்தே வைப்பாள்.

2

முதல் தொடக்கம்: "கரும்புகை வானத்தை விழுங்கிக்கொண்டிருந்தபோது..."

(அடித்துவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்து, "வானத்த நீ எங்கடா பாத்த? அன்னைக்கு வீட்ல தூங்கிட்டுல்ல இருந்த" என்றாள்.)

சரி, நடந்தபடியே சொல்கிறேன். அங்கே ஃபயர் டிரில் எப்போதும் டீ நேரத்தில்தான். மற்ற நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த மேனேஜர் விடமாட்டார். அன்று வெட்டும் இயந்திரத்தில் நிஜமாகவே தீப்பிடித்து மணி அடித்தபோது, இன்று டீ சீக்கிரம் என்று நினைத்து, எல்லாரும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஆற அமர வெளியே வந்துவிட்டார்கள். தள்ளுமுள்ளு எதுவும் இல்லை. நானாக இதைக் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அக்கா மட்டும் வரவில்லை. டிரில் என்றால் அவள் கிடங்கிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் கேட்கும் அத்தானின் அதட்டலை மைக்கில் வேறு கேட்க வேண்டுமா என்பது அவள் கட்சி.

3

வெளியே தலை எண்ணியபோது ஒன்று குறைந்தது. யார் என்று அத்தானுக்கு உடனே தெரிந்துவிட்டது. கதவு மட்டும் திறந்திருந்தால், புகை நேராக

(இதற்கு மேல் ஓடவில்லை. அக்காவைச் சாகவிட்டால் கதை கனமாகும் என்று ஒரு புத்தி சொன்னது. அந்தப் புத்தியில் இடி விழ.)

அத்தான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். பின்படிக்கட்டில் அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள். அன்று கதவு சாத்தியிருந்தது. புழுக்கம் தாங்காமல் அதைத் திறக்கப் போனவள், கை சுட்டதும் பின்வாசல் வழியாக வெளியேறியிருக்கிறாள்.

"மணி அடிச்சா வரமாட்டியா?"

"டிரில்னு நெனச்சேன்."

"டிரில்னா மட்டும் வர வேணாமா?"

அவள் கையைப் பிடித்த அத்தான், எல்லாரும் நின்ற இடம் வரும்வரை விடவில்லை. அதற்குள் கூரைக் குழாய்கள் தண்ணீரைக் கொட்டித் தீயை அணைத்திருந்தன. போனது கொஞ்சம் மெத்தைகள்தான்.

4

அப்படியானால் ஃபோம் துண்டை எடுத்தது யார்?

"காலைல ரவுண்ட்ஸ் வந்தப்ப நான்தான் ஒதச்சுத் தள்ளுனேன்" என்கிறார் அத்தான்.

"சும்மா சொல்றாரு. மொதநாள் சண்டை போட்டுட்டு மொகத்தத் தொங்கப் போட்டுட்டுப் போனாரா, பாவமா இருந்துச்சு. நானே எடுத்துட்டேன்" என்கிறாள் அக்கா.

இருவரில் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இன்னொரு முடிவும் உண்டு. யாரும் எடுக்கவில்லை, நாள்பட்ட ஃபோம் நசுங்கித் தானாகவே நழுவியிருக்கலாம். அதை நான் எழுத மாட்டேன்.

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆறுகிறது என்று அக்கா இரண்டாம் தடவையாகக் கூப்பிடுகிறாள். எனக்கு அது போதும். நான் போகிறேன்.