அலமாரியில் டியூட்டி பார்த்த பேட்ஜ்

காலை எட்டு மணிக்கு அவர் வண்டியை உதைக்கும்போது சட்டைப் பையில் பேட்ஜ் இல்லை. வாசலில் நின்ற மனைவி தையல்காரி. பொத்தான் ஒன்று குறைந்தாலே அவள் கண்ணில் பட்டுவிடும். கொஞ்ச நாளாகவே பேட்ஜைக் காணோம்.

அவருக்குத் துகள் முடுக்கி ஆய்வுக்கூடத்தில் வேலை. துகள் கற்றை மோதி மோதிக் கதிரியக்கம் ஏறிய உலோகக் கட்டியை அமிலத்தில் கரைத்து, ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு உதவும் ஐசோடோப் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுப்பார். ஈயச் சுவருக்கு இப்பால் நின்று இயந்திரக் கையால் செய்யவேண்டிய காரியம். அது ஆமை வேகம் என்று, சுவருக்கு அப்பால் போய்த் தன் கையாலேயே முடித்துவிடுவார். கூட இருப்பவர்கள் 'தங்கக்கை' என்று பெயர் வைத்து, நன்றாகவே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளப்பது அந்தப் பேட்ஜ்தான். அளவு மிஞ்சினால் ஆளைக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். தங்கக்கை போய் அட்டைப்பெட்டி அடுக்குவதா? பேட்ஜுக்கு வீட்டில் ஓய்வு கொடுத்துவிட்டார். அளவு ஏறவே இல்லையே என்று பாதுகாப்பு அதிகாரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மகிழ்ச்சிதான் வந்தது.

நேற்று மாலை வீட்டில் நடந்த பேச்சு தெருவுக்கே கேட்டது.

"விரல் ஏன் இப்படி உரியுது?"

"ஆசிட் பட்டுச்சு. நீ பெரிய டாக்டரா?"

"டாக்டர் இல்லீங்க. சட்டைப் பட்டன் போட முடியாம கூப்பிடுறவரோட பொண்டாட்டி."

இன்று வண்டி தெருமுனை திரும்பியதும் அலமாரியைக் குடைந்தாள். வேட்டிக்கு அடியில் பேட்ஜ். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், கணவரையும் கூப்பிடச் சொல்லி, அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"சார், இவருக்குப் பதிலா எங்க வீட்டு அலமாரிதான் டியூட்டி பாக்குது. அதுக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி நெளிந்தார். "ஆஸ்பத்திரியில நோயாளிங்க காத்திருக்காங்கம்மா. இவரை விட்டா ஆளில்ல."

"அவங்களுக்காக இங்க புதுசா ஒரு நோயாளியை உண்டாக்கணுமா?"

தங்கக்கை தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "மூணு மாசமா சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கேன் சார். எழுதிக்கோங்க. ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்க."

வேடிக்கை பார்க்க வந்து கதவருகே நின்ற மூன்று பேரின் கைகள் தாமாகவே சட்டைப் பைக்குப் போயின. ஒருவரிடம்தான் பேட்ஜ் இருந்தது.

தங்கக்கை அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒளிச்சு வெச்சா பேட்ஜ்லதான்டா அளவு குறையும், உடம்புல குறையாது. போய் எடுத்து மாட்டிட்டு வாங்க."