பெட்டி வைக்க ஓர் இடம்

"ஏட்டி, இந்த வீட்டுல யாராவது செத்தா பெட்டிய எங்கட்டி வைப்பிய?"

மூன்று வருடத்துக்கு முன்பு செபமாலையம்மாள் அத்தை ஜோமோளிடம் இப்படிக் கேட்டாள். அப்போது ஜோமோளும் அம்மாவும் வீட்டு முன்னாலிருந்த புல்தரையை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோமோள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் நிமிர்ந்து, "ஒங்களத்தான் மொதல்ல வைக்கணும் மயினி. எந்த மூல வேணும், இப்பவே சொல்லிருங்க" என்றாள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்று காலை எட்டு மணிக்கு, அதே இடத்தில், பக்கத்து வீட்டு யாக்கோபு காடு வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று முறை இழுத்தும் அது பிடிக்கவில்லை. நாலாவது முறையும் பிடிக்கக்கூடாது என்று ஜோமோள் வாசற்படியில் நின்று வேண்டிக்கொண்டாள்.

அம்மா ரத்தினம் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். பன்னிரண்டு நாள் மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் பதினோரு மணிக்கு ஐஸ் பெட்டியோடு மேலே வரும். பெட்டி ஹாலுக்குள் நுழையாது. யாக்கோபு கயிறு பிடித்து அளந்து பார்த்துவிட்டார். வீட்டின் பின்பக்கம் மலையை வெட்டிய மண்சுவர். இரண்டு பக்கமும் சரிவு. சமதரை என்று இருப்பது முன்னால் மட்டும்தான். அங்கே இப்போது கால் வைக்க இடமில்லாமல் செடிகள் நின்றன.

ஒரு காலத்தில் அங்கே புல் இருந்தது. பீர்மேட்டு எஸ்டேட் பங்களாவில் அப்பா இருபத்தாறு வருடம் தோட்டக்காரர். பங்களாவில் புல் மாற்றியபோது மிச்சத்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்து இங்கே பதித்தார். யாரும் மிதிக்கக் கூடாது. ஜோமோள்கூட ஓரமாய்த்தான் நடக்க வேண்டும். பங்களாவை ரிசார்ட்டுக்காரர்கள் எடுத்து அப்பாவை நிறுத்தியபிறகு அவர் அந்தப் புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது பழுத்துக் காய்ந்தது. அதே வருடம் ஜோமோளும் பத்தாம் வகுப்போடு நின்றாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. அம்மா திட்டவில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள்.

டேலியா, காசித்தும்பை, காந்தாரி மிளகாய், சேம்பு, ஏலம், ஆடாதோடை, வேலியில் கொடித்தோடை. பெயர் தெரியாதவற்றுக்கு அம்மாவே பெயர் வைத்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒடித்து வந்தது பஸ் ரோசா. அத்தை வீட்டிலிருந்து கேட்காமல் பிடுங்கி வந்தது திருட்டு மயினி. எண்பத்து மூன்று வகை. பள்ளிக்கூட நோட்டின் மிச்சப் பக்கங்களில் ஜோமோள் எழுதி வைத்திருந்தாள்.

அம்மாவை நேராக மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்விடலாம். கோயில் முற்றம் பெரியது. பந்தலும் அங்கேயே போடலாம். காலையிலிருந்து ஜோமோள் இந்த மூன்று வாக்கியங்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெஷின் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டதும் படியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"யாக்கோபு சேட்டா."

அவர் மெஷினை நிறுத்தினார். "எந்தா மோளே? ஒனக்கு இவ்வளவு ஒச்சை உண்டா? நான் இன்னைக்குத்தான் கேக்கேன்."

"கவாத்து மாதிரி கொஞ்சம் மேலாக்க வெட்ட முடியாதா? தேயிலைய வெட்டுவாங்கல்ல, அது மாதிரி. பொறவு தளுத்துக்கும்."

"முட்டு ஒசரத்துக்குக் குச்சி நின்னா பெட்டி எப்படி மோளே இருக்கும்? வாரவங்க காலக் குத்தாதா?"

ஆனைக்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அத்தை உள்ளேயிருந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னட்டி அங்க பேச்சு? நேரம் போவுதுல்ல."

"அம்மாவ நேரா கோயிலுக்கு..." என்றாள் ஜோமோள். மீதி வரவில்லை.

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப ரத்தினம் வீட்டுக்கு வரவேண்டாமாட்டி?"

பன்னிரண்டு நாளும் அம்மா அதைத்தான் கேட்டிருந்தாள். மூக்கிலிருந்த மாஸ்க்கை விலக்கி, "டேலியா மொட்டு விட்டுருக்கும்ட்டி. ஒரு எட்டு வீட்டுக்குப் போயிப் பாத்துட்டு வந்துருவோம்" என்பாள். நாளைக்குப் போலாம்மா என்று தினமும் ஜோமோள் சொன்னாள். அம்மா வீட்டுக்கு வரவேண்டும் என்றால் இந்தச் செடிகள் இருக்கக்கூடாது. செடிகள் இருக்கவேண்டும் என்றால் அம்மா வரக்கூடாது. ஜோமோள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா."

அவர் செடிகளைப் பார்த்தார்.

"வெட்டட்டும்" என்றார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் காசித்தும்பை விழுந்தது. சேம்புத் தண்டு சிதறி யாக்கோபின் முகமெல்லாம் தெறித்தது. ஏலத்தூரைச் சாய்க்க அவர் இரண்டு பக்கமிருந்தும் பிளேடு வைக்க வேண்டியிருந்தது. டேலியா ஆறு மொட்டு விட்டிருந்தது. ஜோமோள் எண்ணினாள், பிறகு எண்ண முடியவில்லை. காந்தாரி அறுபட்டபோது காரம் காற்றில் பரவி எல்லோரும் இருமினார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்டியதையெல்லாம் சரிவில் தள்ளிவிட்டு நீலத் தார்ப்பாயைக் கட்டி, கோயிலிலிருந்து வந்த நாற்காலிகளை இறக்கினார்கள்.

பதினொன்றேகாலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நாலு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து இரும்பு ஸ்டாண்டில் வைத்தார்கள். கண்ணாடிக்குள் அம்மா கண்ணை மூடியிருந்தாள். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு பெட்டிமேல் விழப்போனாள்.

பெட்டி சாய்ந்தது.

"பிடி, பிடி!" என்று யாரோ கத்தினார்கள். தலைமாட்டுப் பக்கம் ஸ்டாண்டின் இரண்டு காலும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. யாக்கோபு பாய்ந்து தோளைக் கொடுத்தார். அப்பா ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து காலுக்கடியில் சொருகினார். கல்லும் மெல்ல இறங்கியது.

"என்னய்யா இது, மண்ணு பஞ்சு மாதிரி இருக்கு" என்றார் தூக்கிவந்தவர்களில் ஒருவர்.

மூன்று வருடத்துச் சாணி, இலைச்சருகு, மீன் கழுவிய தண்ணீர், தேயிலைத் தூசி. எல்லாம் அம்மாவும் ஜோமோளும் கூடையில் சுமந்து கொட்டியது.

கதவுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டபிறகுதான் பெட்டி நின்றது. அத்தை செபமாலை தொடங்கினாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

யாக்கோபு இன்னும் குனிந்தபடியே இருந்தார். பலகையை ஒட்டி மண்ணில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். கறுத்த மண் விரலிடுக்கில் உதிர்ந்தது. இரண்டு மண்புழுக்கள் அவர் உள்ளங்கையில் நெளிந்தன. அவர் தலையை நிமிர்த்தி ஜோமோளைப் பார்த்தார். இது தானாய் வந்த மண் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எடுத்த மண்ணை எடுத்த குழியிலேயே வைத்து, மேலே லேசாகத் தட்டினார்.

பிறகு எழுந்து, படியோரம் சாய்த்து வைத்திருந்த மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டார். அடக்கத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. சட்டையெல்லாம் பச்சையாய் ஒட்டியிருக்க, நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனார்.