ஆலைக்கு லேசு தேவை

மாலை ஐந்தரைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டு ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். தாண்டினால் இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது.

கண்ணாடிக்காரர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். தரைத்தளம்தான். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர் அவர். தொழில் வீட்டிலேயே. படியேறினால் இடது முழங்கால் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் போடும்.

இரண்டு வீடு பார்த்திருந்தார்கள். ஒன்று கடைத்தெருவை ஒட்டிய தரைத்தளம். மற்றது தள்ளி, மூன்றாம் மாடியில், எல்லாப் பக்கமும் ஜன்னல் வைத்த சின்ன வீடு. அங்கே அவர் பாதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி மட்டும் மேலே போனாள். இறங்கி வர வெகுநேரம் ஆனது.

"எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்."

எதைக் கேட்டாலும் அதுதான் பதில். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்றாலும் அதுதான். ராத்திரிக்கு என்ன சமையல் என்றாலும் அதுதான். பிடிகொடுக்காத மனுஷி என்று அவர் முடிவுகட்டி வருஷங்கள் ஆகின்றன.

அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஸ்கேன் சென்டரின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. காலையில் இறங்கினால் சாயங்காலம் ஏறுவாள். இப்போது இருக்கும் வீட்டிலும் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், எட்டித் தொடலாம். வாங்கிவைத்த செடிகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. கடைசித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்த அன்றுதான் டிவியில் ஒரு கேமைப் போட்டாள்.

வீடு கட்டி, அதில் ஆட்களைக் குடிவைத்து, அவர்களைச் சமைக்கவும் தூங்கவும் வைத்து விளையாடும் கேம். மற்றவர்கள் அதில் மாளிகை கட்டினார்கள், கல்யாணம் செய்துவைத்தார்கள். இவள் வீட்டுக்குள் செடி வளர்த்தாள். விடாமல் வளர்த்தாள். வளர்ந்தவர்களுக்கான பொம்மை வீடு என்று அவர் நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த கேமின் தமிழை ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்திருந்தது. ஆங்கிலத்தில் செடிக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே சொல். அதனால் செடி ஆலையாகிவிட்டது. வெளிச்சத்துக்கும் கனமில்லாததற்கும் ஒரே சொல். அதனால் வெளிச்சம் லேசாகிவிட்டது. 'உங்கள் ஆலை வாடுகிறது. அதற்கு அதிக லேசு தேவை' என்று திரையில் எழுத்து வரும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதுவே வீட்டுப் பேச்சாகிவிட்டது. "ஆலைக்குத் தண்ணி விட்டுட்டு வந்து சாப்பாடு போடறேன்" என்பாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. வேலைக்குப் போன வீடொன்றில், "இந்தக் கண்ணாடி போட்டா ரூமுக்கு நல்லா லேசு வரும்மா" என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று முழித்திருக்கிறார்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மைத்துனி வந்தாள், கை நிறையக் காலி அட்டைப்பெட்டிகளோடு. மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு.

"என்ன அத்தான், இன்னும் ஒரு பெட்டிகூடக் கட்டலையா? நீங்க வீடு மாறறீங்களா, இல்ல வீடே வந்து உங்களைத் தூக்கிட்டுப் போகப்போகுதா?"

"உன் வாயைக் கட்டி வெக்க ஒரு பெட்டி கொண்டுவந்தியா?"

"தேடினேன். அந்த சைஸ்ல கிடைக்கல."

அவர் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தார். வாலு டிவியைப் போட்டாள்.

"டிவியைக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆலை எடுத்துக்கறேன். அக்கா தரேன்னு சொல்லியிருக்கா."

அவளும் தன் வீட்டில் அதே கேம் ஆடுகிறவள். கேமில் அக்கா பதியன் போட்டதை வாங்கித் தன் கேம் வீட்டில் வைத்துக்கொள்வாள். பாதி பிழைக்காது. திரும்பவும் வாங்குவாள்.

திரையில் வீடு வந்தது. அந்த கேமில் கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்க்கலாம். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். செய்தித்தாள் கையிலேயே நின்றது.

முன்னால் ஹால். மூலையில் ஒரு தூண். மாடி பால்கனிக்கு அடியில் பதுங்கிய ஜன்னல். வெளிப்பக்கமாகத் திறக்கும் சமையலறைக் கதவு. நடுவில் ஓர் அறை, ஜன்னல் இல்லாமல். அதற்குப் பின்னால் இன்னோர் அறை, கொல்லையைப் பார்த்த பெரிய ஜன்னலோடு.

"இது அந்த வீடுதானே?"

"எந்த வீடு?"

"தரைத்தளம். நான் முடிவு பண்ணி வெச்சிருக்கேனே."

"நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடியே அக்கா அங்க குடிபோயாச்சு அத்தான்."

அந்த வீட்டை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். அவர் ஓனரிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி வளவளத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு சுற்று. அவள் கையில் அளவு டேப் இல்லை. அவர் கையில் இருந்தது. அவருக்கு நினைவில் நின்றது வாசல் அகலம் மட்டும்.

பின் அறையில் ஒரு நீள மேசை. சுவரோரமெல்லாம் பெரிய பெரிய ஓவியங்கள் திருப்பிச் சாத்தியிருந்தன.

"அது எதுக்கு?"

"கேம்ல கண்ணாடி சுவராத்தான் கிடைக்கும், தனிப் பலகையாக் கிடையாது. உங்க சரக்கு அத்தான் அது."

மேசைக்கு முன்னால் ஓர் ஆள் நின்றான்.

"அந்தாளு யாரு?"

"வழுக்கையை வெச்சுக் கண்டுபிடிங்க பாக்கலாம்."

"எனக்கு இவ்வளவு வழுக்கை இல்ல."

"நீங்க முன்னாலேருந்து பாக்கறீங்க. அக்கா மேலேருந்து பாக்கறா."

திரையில் இருந்த வழுக்கை ஆள் மேசையை விட்டு நகர்ந்தான். ஒரு தொட்டிக்கு முன்னால் போய் நின்று, கையை விரித்துப் பாடத் தொடங்கினான்.

"நான் எப்போ பாடினேன்?"

"இங்க பாடறீங்க. ஆலைக்குப் பாட்டுன்னா உயிர்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நடு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜ வீட்டில் விளக்குப் போட்டால் ஒழிய எதுவும் தெரியாத அறை அது. இங்கே அது பச்சையாகத் தளும்பியது. நடு அறைக்கும் பின் அறைக்கும் இடையிலிருந்த சுவரைக் காணோம். அந்த இடத்தில் கண்ணாடி நின்றது.

"முதல்ல ஹால்ல வெச்சுப் பாத்தா. வாடிப்போச்சு" என்றாள் வாலு. "சமையலறையில வெச்சா. அங்கயும் அதே கதை. அந்த வீட்டுல பின் ரூமுக்குத்தான் லேசு வருது. அதை உங்களுக்குக் கொடுத்துட்டா."

"எனக்கு எதுக்காம்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. 'கண்ணாடியில கீறல் போடறப்போ கோடு தெரியலைன்னா கையை வெட்டிக்குவார்'னா. அப்புறம்தான் சுவத்தை எடுத்தா. உங்க லேசுல மிச்சம் இந்தப் பக்கம் வரும்ல?"

அவர் நகர்ந்து டிவிக்குக் கிட்டே போய் உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கண்ணாடி ஓரமாகக் குட்டைச் செடிகள். அவற்றுக்குப் பின்னால் உயரமானவை. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழவில்லை. வெயில் அதிகம் கேட்காத அகல இலைகள் எட்டத்தில், சுவர் பக்கம். கொடிகள் தூண் மாதிரி மேலே போய், மேலிருந்து வெளிச்சத்தைத் தேடி இறங்கின. ஓர் இடமும் வீணாகவில்லை. முப்பது வருஷமாக ஜன்னல் வைக்கிறார். வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். உள்ளே வந்த வெயில் அப்புறம் எங்கே போகிறது என்று அவர் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை. இவள் போயிருக்கிறாள், கடைசி இலைவரை.

ஒன்று மட்டும் இடித்தது. இத்தனை நெருக்கமாக அடுக்கியவள், நடுவில் ஒரு வழியை அகலமாக விட்டிருந்தாள். அந்த இடத்தில் இன்னொரு வரிசைத் தொட்டி வைக்கலாம். வாசலிலிருந்து ஹால் வழியாக, நடு அறையைக் கடந்து, பின் அறைக்குப் போகும் வழி. திரும்புகிற மூலையில் அது இன்னும் அகலமானது.

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. இரண்டு பேர் ஒரு முழுக் கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிற வழி அது.

"மாடி வீட்டையும் கட்டியிருப்பாளே. அதைக் காட்டு."

"கட்டலை."

"அதுதானே அவளுக்குப் பிடிச்சிருக்கும்?"

"நானும் கேட்டேன் அத்தான். 'அவர் கால் ஏறாத வீட்டை எதுக்குடி கட்டணும்'னா. அதோட பேச்சு முடிஞ்சுது."

"இந்தச் சுவர் விஷயத்தையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன தச்சனா, கொத்தனா? கண்ணாடிக்காரன்."

"அதனாலதான் சொல்லல. ஊருக்கெல்லாம் கண்ணாடி வெட்டிட்டு அலுத்துப்போய் வர்றவரை, வீட்டுலயும் வெட்டுன்னு சொல்லவான்னு கேட்டா."

அவர் எழுந்தார். டேப்பை இடுப்பில் மாட்டினார். பென்சிலைக் காதில் செருகினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இந்தப் பெட்டியெல்லாம்?"

"நீ கட்டு."

"நான் விருந்தாளி அத்தான்!"

அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார், கீல் சத்தத்தோடு.

தரைத்தள வீட்டு ஓனர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பின் அறையில் சாயங்கால வெயில் தரை முழுக்கக் கிடந்தது. நடு அறை குகை மாதிரி இருந்தது. இடையிலிருந்த சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். ஒற்றைச் செங்கல். மேலே உத்தரம் தனியாக ஓடியது. எடுத்தால் ஒன்றும் ஆகாது.

"வீட்டை எடுத்துக்கறேன் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தச் சுவத்தை எடுத்துட்டு நான் கண்ணாடி போட்டுக்கட்டுமா? என் செலவு."

"கண்ணாடியா? எதுக்கு?"

"ஆலைக்கு சார்."

சாவி சுற்றுவது நின்றது. "எதுக்கு?"

"ஆலைக்கு. இந்த ரூம்லதான் வெக்கப்போறோம். பெருசா ஒண்ணும் இல்ல, சின்னச் சின்னதா."

"சின்னச் சின்னதா ஆலையா?"

"லேசு மட்டும் வந்தாப் போதும். மத்ததையெல்லாம் என் மனைவி பாத்துக்குவா."

"ஓஹோ. அந்தம்மாதான் முதலாளியா?"

"எல்லாமே அவதான் சார். நான் தண்ணி ஊத்தறதோட சரி."

ஓனரின் முகம் சிவந்தது. "கண்ணாடிக்காரரே, நீங்க ஏதோ ரெண்டு ஜன்னலுக்கு வெட்டிக் கொடுப்பீங்கன்னு பாத்தா, ஆலைங்கறீங்க. மேல கைக்குழந்தை இருக்கு. சத்தத்துக்கும் புகைக்கும் நான் எங்க போறது? குடியிருக்கத்தான் வீடு. அந்த இன்னொரு குடும்பத்தையே வரச் சொல்லிடறேன்." அவர் போனை எடுத்துவிட்டார்.

"சத்தமா? அது எப்படி சார் சத்தம் போடும்?" என்று கேட்ட பிறகுதான் கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, செடி! செடி சார்!"

"செடி ஆலையா?"

"ஆலைன்னா செடி. டிவியில அப்படித்தான் வரும். அதாவது டிவியில நான் பாடுவேன்..."

சொல்லச் சொல்ல விஷயம் இன்னும் சிக்கலானது. ஓனர் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அந்த நேரம் மனைவி வாசலில் வந்து நின்றாள். வேலை முடிந்து, பதில் சொல்லும் நேரத்துக்கு நேரே வந்திருந்தாள். தோளில் பை. வெளியே இருந்த வெயிலுக்குச் சுருங்கிய கண்கள் இன்னும் விரியவில்லை.

"வாங்கம்மா. நீங்களே சொல்லுங்க" என்றார் ஓனர். "இந்த வீட்டுல என்ன ஆலை வெக்கப்போறீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். இடுப்பில் டேப்பைப் பார்த்தாள். அவர் கை வைத்திருந்த சுவரைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"செடிங்க சார். பூந்தொட்டி. எங்க வீட்டுல அதுக்கு அப்படி ஒரு பேரு."

ஓனர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போனை இறக்கினார். "செடிக்குப் போயி ஆலைன்னு... நல்ல குடும்பம். சரி, காலி பண்ணும்போது சுவத்தைக் கட்டிக் கொடுத்துடணும்."

"கட்டிக் கொடுத்துடறேன் சார்."

ஓனர் தலையை ஆட்டிக்கொண்டே, மகளிடம் சொல்ல மாடிக்குப் போனார்.

இருவரும் நடு அறையில் நின்றார்கள்.

"வாலு வேலையா இது?" என்றாள் அவள்.

"நடுவுல வழி விட்டிருந்தே."

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"திரும்பற மூலையில கூடுதலா ஒரு சாண் விட்டிருந்தே."

"நீங்க எப்பவும் மூலையிலதான் இடிச்சுக்குவீங்க."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சுவரில் ஒரு முனையில் அதை ஊன்றினார். எல்லா வீட்டிலும் வேலை தொடங்கும் முன் அவர் கேட்கிற கேள்விதான். வீட்டுக்காரர்கள் கையை விரித்து இவ்வளவு, இவ்வளவு என்று காட்டுவார்கள். இவளிடம் மட்டும் கேட்டதில்லை.

"இங்கேருந்து வெச்சுக்கலாம். எதுவரைக்கும்?"

அவள் சுவரைப் பார்த்தாள். அவர் முழங்காலைப் பார்த்தாள். "உங்க இஷ்..."

"அதை மட்டும் சொல்லாத. உனக்கு எவ்வளவு லேசு வேணும்?"