வரப்போரத்தில் நட்ட கம்பி

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘டேட்டாவால் தலைநிமிரும் சிறு விவசாயி’ என்ற தலைப்பை விவசாயத் திட்டக்காரர்களே கொடுத்தார்கள். ஒரு பக்கம், ஒரு படம், ஒரு புன்னகை. புன்னகைக்கு ஆளையும் பிடித்து வைத்திருந்தார்கள், தக்காளி போடும் ஒரு பெண்ணை. இடையில் வார்த்தைகளைப் போட்டு நிரப்புவது என் வேலை. நிரப்பினேன்:

‘விடியலின் பொற்கதிர்கள் அவளது தக்காளித் தோட்டத்தைத் தழுவிய வேளையில், அவள் கையிலிருந்த கைபேசி...’

இந்த இடம் வரை அவளிடம் படித்துக் காட்டினேன்.

“காலைல போன் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கும்” என்றாள். “நான் குனிஞ்சு களை பிடுங்கிட்டு இருப்பேன். உங்க பொற்கதிர் முதுகுலதான் சுள்ளுன்னு அடிக்கும்.”

துண்டறிக்கை அங்கேயே படுத்துவிட்டது. எழுந்தது இது.

2

அவளுக்கு முக்கால் ஏக்கர். பாதையை ஒட்டிய பாத்திகளில் களிமண். கடைக்கோடி மூலையில் மணல். அந்த மூலைச் செடிகள் வருஷா வருஷம் பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் பூவைக் கொட்டிவிடும். “மண்ணு அப்படி” என்பார் அவளுடைய வீட்டுக்காரர். ஆராய்ச்சி அதைத் தாண்டிப் போனதில்லை.

அப்போதுதான் திட்ட அதிகாரி வந்தார். நேரம் கேட்டால்கூட ஸ்லைடு போட்டுத்தான் சொல்வார் என்பதால் ஊரில் அவர் ஸ்லைடு சார். மண்ணின் ஈரத்தை அளந்து போனுக்குச் சொல்லும் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். வயலுக்கு ஒன்று. அதை வரப்போரத்து முதல் பாத்தியில் நட்டார்.*

* ஏன் அங்கே? திட்டத்தின் போர்டு அங்கேதான் இருக்கிறது. கார் அங்கேதான் நிற்கும். ஷூவில் சேறு படாது. அறிவியல் காரணம் எதையும் நான் மறைக்கவில்லை.

போன் தினமும் சொன்னது: ‘வாழ்த்துகள்! உங்கள் வயலில் போதுமான ஈரம் உள்ளது.’ பக்கத்தில் கைதட்டும் படம். கடைக்கோடியில் இலைகள் சுருண்டுகொண்டிருந்தன.

3

இரண்டாவது வரைவில் அவளைக் கோபக்காரியாக்கினேன். கம்பியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து ஒடித்து... (வாசகர்களுக்குப் பிடிக்கும். இயந்திரம் கெட்டது, மண் நல்லது, கண்ணீர் இலவசம்)

அவளோ கம்பியைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல விடமாட்டாள்.

“அது என்ன பண்ணும், பாவம்? நிக்கிற இடத்தைப் பத்தி உண்மையத்தான் சொல்லுது. நிக்க வச்சவங்களைக் கேளுங்க.”

ஒரு நாள் அதைப் பிடுங்கினாள்.

“ஏய், அது அவங்க பொருள்” என்றார் வீட்டுக்காரர்.

“பொருள் அவங்களது. வயல் யாருது?”

“ஸ்லைடு சார் கேட்டா என்ன சொல்ல?”

“காத்து வாங்கப் போயிருக்குன்னு சொல்லுங்க.”

காலண்டர் தாளின் பின்புறம் வயலை ஒன்பது கட்டமாக வரைந்தாள். கட்டத்துக்கு மூன்று நாள் கம்பி குடியிருந்தது. முதல் பாத்தியில் ஐந்து நாளானாலும் ஈரம் நிற்பதை அது முன்பே சொல்லியிருந்தது. கடைக்கோடியில் இரண்டாம் நாளே வறண்டது. இத்தனை வருஷமும் இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே அளவு தண்ணீர்! இப்போது கடைக்கோடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாக மடை திறந்தாள். முன்பாத்திக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை. மொத்தத் தண்ணீர் கூடவில்லை. சுருண்ட இலைகள் விரிந்தன.

மூலை முழுக்க இப்போது பூ. பூ நிற்கும் பத்து நாளும் தண்ணீர் கூடினாலும் கொட்டும், குறைந்தாலும் கொட்டும். அதனால் கம்பியை அங்கேயே நட்டு வைத்திருக்கிறாள். இந்தக் கதையில் பணயமாக இருப்பது அந்தப் பூதான். வேறு எதையும் தேட வேண்டாம்.

4

புதன்கிழமை ஸ்லைடு சார் வந்தார்.

“அம்மா, டேட்டா கெட்டுப்போச்சு. ஸ்கிரீன்ல சிவப்பு காட்டுது.”

“தக்காளி நல்லாயிருக்கே சார்.”

“வெள்ளிக்கிழமை மேலிடத்துலேர்ந்து வராங்க. பெரிய ஸ்கிரீன்ல உங்க வயல் வரும். பச்சையா இருக்கணும்.”

“பச்சையாத்தான் இருக்கு. வாங்க, காட்டுறேன்.”

“ஸ்கிரீன்லம்மா!”

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய படிவத்தில் ‘நட்ட இடம்: வரப்போரம்’ என்று ஏறிவிட்டது. திருத்த முயன்றால் படிவம் சிவந்துபோகிறது, அவரும் சிவந்துபோகிறார்.

“பழைய இடத்துல நட்டுடுங்க. இல்லன்னா கம்பியைக் கழட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“பத்து நாள் பொறுங்க சார், பிஞ்சு பிடிச்சிடும். இல்ல, இன்னொரு கம்பி குடுங்க. அதை வரப்போரத்துல நட்டு, பக்கத்துல நானே பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன்.”

இன்னொன்றுக்கு ஸ்லைடில் இடமில்லை.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) அவள் கம்பியை வரப்போரத்தில் நடுகிறாள். திரை பச்சை. துண்டறிக்கை அச்சாகிறது. பூ கொட்டுகிறது. (இதற்கு எழுத்தாளன் தேவையில்லை, அச்சகம் போதும்.)

(ஆ) வந்த பெரியவர் கண்கலங்கி, “இதுவல்லவா விஞ்ஞானம்!” என்று நா தழுதழுக்க...

மன்னியுங்கள். எழுதும்போதே சிரித்துவிட்டேன்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எடுத்த குறிப்புகளை எல்லாம் போர்டுக்குப் பக்கத்தில் நின்றே எடுத்தேன். ஸ்லைடு சார் கம்பியை நட்ட இடத்தில்தான் நானும் கதையை நட்டிருந்தேன். நேற்றுதான் கடைக்கோடிக்கு நடந்தேன். என் இடது செருப்பு வழிச் சேற்றிலேயே தங்கிவிட்டது.

6

வெள்ளிக்கிழமை. அவள் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிய போன் மடியில். அதில் சிவப்பு: ஈரம் குறைவு. எழுந்து மடையைத் திறக்கிறாள். பாதையில் கார் வந்து நிற்கிறது.

“அம்மா! கம்பியை எடுத்துட்டு இங்க வாங்க!”

“எடுக்கிறதா இல்ல சார்! பாக்கணும்னா இங்க வரச் சொல்லுங்க. நூத்தி எண்பது அடிதான், எண்ணிட்டேன்!”

சொல்லிவிட்டுத் தண்ணீர் போகும் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நான் எழுதுவது இவ்வளவுதான். மேலிடத்திலிருந்து வந்து காரின் பின்சீட்டில் இருப்பது நீங்கள். கம்பி இருப்பதும் போவதும் உங்கள் கையெழுத்தில். ஸ்லைடு சார் வெளியே நின்று, இறங்க வேண்டாம், சேறு என்று கண்ணாடியைத் தட்டுகிறார். உங்கள் ஷூ புதுசு.

கதவின் கைப்பிடி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நான் ஒற்றைச் செருப்போடு அவள் பக்கத்தில் நிற்கிறேன்.