அக்கா டிவியில் சொன்னது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஏணியிலிருந்து வந்தது. சிங்காநல்லூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் மதன்குமார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க, ஒரு நிமிசம் ஏணியப் பிடிக்கிறீங்களா?" என்றார். பிடித்தேன். அந்த ஒரு நிமிடம் சாயங்காலம் வரைக்கும் நீண்டது. நின்ற நேரத்துக்கு ஒரு கதையாவது தேறட்டும் என்றுதான் எழுதுகிறேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

"வானத்திலிருந்து அலைகள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தன, யாரும் கேட்காத..." (போதும். இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.)

"முப்பத்தாறு வயதில் மதன்குமாருக்குப் பெண் கிடைத்தது. அதே வாரம் கம்ப்யூட்டருக்கு ஒரு டியூனர் கார்டும் கிடைத்தது." (தேவலை. ஆனால் எது கிடைத்தபோது அதிகம் சந்தோஷப்பட்டார் என்று கேட்பீர்கள். மணப்பெண் பிரீத்திகா இதைப் படிக்கக்கூடும். வேண்டாம்.)

2

சரி, நேராகவே சொல்கிறேன்.

மதனின் அக்கா அன்புச்செல்வி. தாராபுரம் பக்கம் முருங்கைத் தோட்டம். அரசுத் தொலைக்காட்சியின் விவசாய நிகழ்ச்சிக்காக வந்து அவரைப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள். ஒளிபரப்பு, மதனின் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். அதே நேரத்தில்தான் மண்டபத்தில் இணைச்சீர். மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நின்று செய்கிற சீர் அது. அக்கா இல்லாமல் அது நடக்காது, அது நடக்காமல் கல்யாணம் நடக்காது. சொந்தபந்தம் அத்தனையும் மண்டபத்தில் இருக்கும். டிவி பார்க்க வீட்டில் ஈ காக்கை இருக்காது.

(யூடியூபில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதை இணையத்தில் ஏற்றுவதில்லை என்று கேமராக்காரர் சொல்லிவிட்டார். ஏற்றியிருந்தால் எனக்கு ஏணியும் இல்லை, உங்களுக்குக் கதையும் இல்லை.)

ஆகவே மதன் ஒரு முடிவுக்கு வந்தார். மொட்டைமாடியில் மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. அதன் ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி, பழைய கம்ப்யூட்டரில் செருகிய டியூனர் கார்டில் கொடுத்தால், குறித்த நேரத்துக்குக் கம்ப்யூட்டரே சேனலைப் பிடித்துப் பதிவு செய்துகொள்ளும். சொல்லும்போது சுலபம்தான்.

டிஷ்ஷைத் திருப்ப மதன் ஏணி மேலே. ஏணிக்குக் கீழே நான். கல்யாண வேலைக்கு வந்திருந்த அக்கா உள்ளே கம்ப்யூட்டர் முன்னால்.

"வருதாக்கா?"

"வந்துச்சு கண்ணு. போயிருச்சு."

"இப்ப?"

"செகப்புக் கோடு மஞ்சளாயிருச்சு. மஞ்ச நல்லதா கெட்டதா?"

"இப்பப் பாரு!"

"இப்ப ஒரு ஆளு இந்தியில என்னைய வையறான்."

"அதேதான்! சிக்னல் வந்துருச்சு! யாரும் தொட்டுப்போடாதீங்க!"

தொடுவதற்கு அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். இருந்தாலும் 'தொடாதீங்க' என்று 'ங்க' போட்டுத்தான் கத்தினார். கோயமுத்தூரில் ஏணி பிடிப்பதில் இந்த ஒரு சுகம் உண்டு.

3

இங்கே அக்காவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. முதல் பிரதியில் அவரைக் கூச்ச சுபாவம் உள்ளவராக எழுதியிருந்தேன். "டிவியில் தன் முகத்தைப் பார்க்க ஒரு சின்ன ஆசை, வெட்கத்துடன் அவர்..." என்று ஒரு வாக்கியம். அடித்துவிட்டேன். அக்காவுக்குத் தன் முகத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

மதன் ஒயர் முனைக்கு ஒரு பின் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"தோட்டத்தப் பார்த்துக்கிறது யாருங்கன்னு அந்த மைக்குப் பையன் கேட்டானுங்க. நாந்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன். மட கட்டித் தண்ணி பாச்சறது நானு, ஆளு கூப்புடறது நானு, காய் எறக்கி வண்டி ஏத்தறது நானு. அவரு சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டுக் கூட நிப்பாருங்கன்னு."

அவர் என்றது ஐயாசாமியை, அக்காவின் கணவரை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் எது விளைந்தாலும் ஊரில் அதற்கு 'ஐயாசாமி காய்' என்றுதான் பேர். அதை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"அவர் பக்கத்தில் இல்லையா?"

"டிவிக்காரங்களுக்கு எளநி வெட்டப் போயிருந்தாருங்க. காதுல உளுகுல. அதான் பயமா இருக்குது. அத வெட்டி வீசிட்டாங்களா, வெச்சிருக்காங்களான்னு தெரியல. வெச்சிருந்தா அவரு கேக்கோணுமுங்க. இருவது வருசமா நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. டிவியாச்சும் சொல்லட்டும்."

இனி உங்களுக்கும் எனக்கும் ஒரே கவலைதான். அந்த ஒரு பதில் பதிவாக வேண்டும்.

4

இணைச்சீர் நன்றாக நடந்தது. அக்கா தம்பியின் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு இவ்வளவு அவசரமா என்று பெண் வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

(கல்யாணத்தை இன்னும் நீட்டி எழுதலாம். சாப்பாடு பிரமாதம். ஆனால் உங்கள் மனது கம்ப்யூட்டரில் இருக்கிறது.)

கல்யாணம் முடிந்து எல்லோரும் மதன் வீட்டில் கூடினோம். கோப்பு இருந்தது! மதன் அதைத் திறந்தபோது பிரீத்திகாவே கை தட்டினார். முருங்கை மரங்கள் வந்தன. உரம் பற்றி ஒரு அதிகாரி பேசினார், கண்ணாடி மாதிரித் தெளிவு. அக்கா வந்தார். மைக் நீண்டது.

"தோட்டத்தப் பார்த்துக்கிறது யாருங்க?"

அக்கா வாயைத் திறந்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மூக்கு ஒரு பக்கம், கம்மல் ஒரு பக்கம். சத்தம் அடியோடு நின்றது. படம் திரும்பி வந்தபோது அக்கா வரப்பில் சிரித்துக்கொண்டு, "அவ்வளவுதானுங்க" என்றார்.

பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். அதே கட்டம், அதே கம்மல். மதன் மொட்டைமாடிக்கு ஓடினார். காய்ந்து விறைத்த ஒரு வெள்ளை வேட்டியோடு இறங்கி வந்தார். டிஷ்ஷின் மேல் கிடந்ததாம். அன்றைக்கு ஈரமாக, காற்றில் பறந்து பறந்து மறைத்திருக்கிறது.

"அட, என்ர வேட்டி!" என்றார் ஐயாசாமி. "இங்கிருந்து மண்டபத்துக்குக் கெளம்பறப்ப அலசிப் போட்டேன். கொடி பூரா மஞ்சத்தண்ணிச் சேலைங்க மாப்ள, பட்டா கறையாயிரும். அந்தக் கம்பிதான் சுத்தமா இருந்துச்சு."

(மனைவியின் பேச்சைக் கணவனின் வேட்டி மறைத்தது என்று நானாக எழுதியிருந்தால் குறியீடு என்று சொல்லி அடிக்க வருவீர்கள். நான் என்ன செய்ய? மனிதர் வேட்டியை அங்கேதான் காயப்போட்டார்.)

5

ஒரு முடிவு: மதன் ஏதோ மென்பொருளை இறக்கிக் கட்டங்களை ஒட்டவைக்கிறார், பதில் கேட்கிறது. (பொய். அப்படி ஒன்று இருந்தால் மதன் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார்.)

இன்னொன்று: ஐயாசாமி வேட்டியைப் பார்க்கிறார், மனைவியைப் பார்க்கிறார், கண் கலங்கி... (ஐயாசாமியை உங்களுக்குத் தெரியாது.)

நடந்தது இது. ஐயாசாமி வேட்டியை மடித்துக்கொண்டே, "உடு மாப்ள. என்ன பெருசாச் சொல்லியிருக்கப்போறா? எல்லாம் எங்க ஊட்டுக்காரர் பார்த்துக்குவாருன்னு சொல்லியிருப்பா. என்ன அம்மணி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாயசம் வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த அறையில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன். நான் சொல்லிவிடலாம். ஆனால் இருபது வருஷத்துக்குப் பிறகு வெளியே வரவேண்டிய வார்த்தையை ஏணி பிடிக்க வந்தவன் சொல்லிவிட்டால், அதுவும் 'ஐயாசாமி காய்' மாதிரி வேறொருவர் பேரில் போய்விடும். அது அக்காவின் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவராக ஆரம்பிக்க மாட்டார். யாராவது கேட்டால் சொல்வார், முன்பின் தெரியாத ஒரு மைக்குப் பையன் கேட்டபோது சொன்ன மாதிரி.

அதனால் இந்த முடிவை நான் எழுதப்போவதில்லை. என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். அக்காவுக்கு உங்களை முன்பின் தெரியாது, அதுவே நல்லது. கேள்வி உங்களுக்குத் தெரியும். 'ங்க' போட்டு, கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். ஐயாசாமி இளநீர் வெட்ட எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சீக்கிரம். அக்கா பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.