முனை உடைந்த ஓடுகள்

ஐந்தாவது ஓட்டிலும் நுனி உடைந்துதான் இருந்தது. தடயவியல் ஆய்வாளர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் எலும்பு மஜ்ஜை அது. துவைக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் கணவன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் அமுக்கிக் கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்றார் அவளுடைய அண்ணன். உயிரோடு மூழ்குகிறவரின் மூச்சில் ஏறும் தண்ணீரோடு டயாட்டம் என்ற நுண்பாசியும் ரத்தத்தில் கலந்து எலும்புவரை போய்விடும். அமிலத்தில் மற்றதெல்லாம் கரைந்தாலும் அதன் கண்ணாடி ஓடு கரையாது. இரண்டு இடத்துத் தண்ணீரையும் ஆய்வாளர் பார்த்துவிட்டாள். இரண்டிலும் படகு போன்ற ஓடுகள். ஒரே நீளம், ஒரே வரிகள், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஆற்று இனத்துக்கு நுனி மொட்டுபோல் புடைத்திருக்கும். குளத்து இனத்துக்குக் கூராக முடியும். நுனி இருந்தால் ஒரு நிமிட வேலை. மஜ்ஜையில் கிடைத்ததோ ஐந்தே ஓடுகள்.

கடைசி ஓடு, உடைந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒடுங்கத் தொடங்கியிருந்தது. குளம்தான் என்று மனம் துள்ளியது. ஆனால் ஆற்று இனமும் புடைப்பதற்கு முன் ஒடுங்கத்தான் செய்யும். ‘குளத்து இனம்’ என்று ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்தாள். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. அழித்தாள்.

“இன்னும் கொஞ்சம் மஜ்ஜை இருந்தா பாத்துடலாம் சார்.”

“இருந்ததெல்லாம் கரைச்சாச்சு. உடம்பையும் எரிச்சாச்சு,” என்றார் மேலதிகாரி. “தெரியலன்னா தெரியலன்னு எழுதும்மா. கண்ணு பாத்ததத்தான் எழுதணும், மனசு பாத்தத இல்ல.”

வெளியே நடையில் அண்ணன் காத்திருந்தார். தையல்காரர். அறிக்கை நீதிமன்றத்துக்குத்தான் போகும் என்று சொல்லியும் காலையிலிருந்து நகரவில்லை.

“குளம்தானே மேடம்?”

“சொல்ல முடியலங்க. ஆறுன்னும் சொல்ல முடியல.”

“அப்ப அவன் சொன்னதுதான் நிக்கும்.”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“சாகறதுக்கு முந்தின நாள் போன் பண்ணினா மேடம். வந்து கூட்டிட்டுப் போண்ணான்னு சொன்னா. கையில ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்.” ஆய்வகக் கதவுப் பக்கம் திரும்பினார். “நீங்க உள்ள பாத்தத ஒரு தடவ நான் பாக்கலாமா?”

கூடாது. ஆனாலும் உள்ளே அழைத்துப்போனாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் தடுமாறி, ஒருவழியாகப் பார்த்தார்.

“இதா அவளுக்குள்ள இருந்துச்சு?”

“ஆமாங்க.”

“கோடு கோடா எவ்ளோ நேர்த்தியா இருக்கு.”

மேசையைப் பிடிக்கத் தேடிய அவர் கை நுண்ணோக்கியின் திருகைத் திருப்பிவிட்டதை அவள் பார்த்தாள். ஓடு மங்கி மறைந்து இப்போது அங்கே வெறும் வெளிச்சம்தான் தெரியும். அவர் கண்ணை எடுக்கவில்லை.